சீருடைப் படமா, துண்டு போட்ட படமா? எங்கள் மிலிட்டரி தாத்தாவுக்கு 16-ஆம் நாள்

பாலாற்றுப் பேத்தி
நவம்பர் 3, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். இங்கே பல வருடமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

என் அம்மாவின் அப்பா போன வாரம் இறந்துவிட்டார். 81 வயது. ஒரு நாள்கூடப் படுக்கையில் கிடக்கவில்லை. காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தார். ஆயா, அதாவது பாட்டி, காபி கொண்டுபோய் வைத்தபோது உயிர் இல்லை.

எங்கள் ஊர் குடியாத்தம் பக்கம். அங்கே அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை, எல்லோருக்கும் மிலிட்டரிக்காரர்தான். சீனாக்காரன் சண்டை முடிந்து பட்டாளத்துக்கு நிறைய ஆள் எடுத்த சமயம், 1963-ல், 19 வயதில் பெங்களூரு போய் ராணுவத்தின் பொறியியல் படையான மெட்ராஸ் சாப்பர்ஸில் சேர்ந்தார். 1984-ல் ஹவில்தாராக ஓய்வு பெற்றார். அப்புறம் 41 வருடம் வேர்க்கடலை, நெல், மாடு, எங்கள் படிப்பு. பேரப்பிள்ளைகள் 5 பேரையும் காலேஜ் வாசல் வரை கொண்டுபோய் விட்டவர் அவர்தான்.

இப்போது வீட்டில் ஒரு பிரச்சினை. 12-ஆம் தேதி 16-ஆம் நாள் காரியம். மாமா, அதாவது தாத்தாவின் ஒரே மகன், சீருடையில் இருக்கும் படத்தைப் பெரிதாகப் போட்டு, "1971 போர் வீரர்" என்று எழுதி பேனர் வைக்க வேண்டும் என்கிறார். ஆயா ஒரேயடியாக மறுக்கிறார். தோளில் துண்டோடு மாட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படம் ஒன்று இருக்கிறது, மூன்று வருடம் முன்பு நான் மொபைலில் எடுத்தது. அதைத்தான் வைக்க வேண்டுமாம். "அந்த போட்டோல கீற ஆளை எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்ச ஆளு இவருதான்" என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு மாமாவும் ஆயாவும் சரியாகப் பேசிக்கொள்வதில்லை.

சண்டையைப் பற்றி தாத்தா எங்களிடம் எதுவுமே சொன்னதில்லை. கேட்டால், "அது வேலைம்மா, செஞ்சோம், வந்துட்டோம்" என்பார். அவ்வளவுதான். அவருடைய கறுப்புத் தகரப் பெட்டியை நேற்று திறந்தோம். மூடியில் நம்பரும் பெயரும் வெள்ளை பெயின்ட்டில் இருக்கிறது. உள்ளே டிஸ்சார்ஜ் புக், ஒரு கம்பளி, துணியில் சுற்றிய பதக்கங்கள். ஒன்று ஐந்து முனை நட்சத்திரம். இன்னொன்று வட்டம், அதன் விளிம்பில் பொடி எழுத்தில் ஏதோ வெட்டியிருக்கிறது. டிஸ்சார்ஜ் புக்கில் 9 இன்ஜினியர் ரெஜிமென்ட் என்று இருக்கிறது. இதைப் பற்றித் தெரிந்தவர்கள் சொல்ல முடியுமா?

அவரிடம் இரண்டு பழக்கம் உண்டு, எனக்குப் புரிந்ததே இல்லை. கொல்லையில் பனங்கொட்டை பாத்தி போட்டிருப்பார். தை மாதம் கிழங்கு எடுக்கும்போது கடப்பாரையை நேராக இறக்கவே மாட்டார். ஒரு மெல்லிய கம்பியை எடுத்து மண்ணில் சாய்வாக, மெதுவாகக் குத்தித் தடவிப் பார்ப்பார். தட்டுப்பட்டதும் கையை வைத்தே மண்ணை விலக்குவார். நாங்கள் நேராகக் குத்தினால் கோபமே வராத மனுஷனுக்குக் கோபம் வரும். இன்னொன்று, வீட்டிலிருந்து கிணற்றுக்குப் போகிற வரப்பின் இரண்டு பக்கமும் குச்சி நட்டு, வெள்ளைத் துணிக்கீற்று கட்டி வைத்திருப்பார். மழையில் நைந்துபோனால் உடனே மாற்றிவிடுவார். ராத்திரியில் ஆயா தண்ணீருக்குப் போகும்போது பாதை தெரிய என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

எந்தப் படம் வைப்பது? யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

கோட்டை மதில்
நவம்பர் 3, இரவு 10:15

ஆழ்ந்த இரங்கல் சகோதரி. நான் கம்மவான்பேட்டைக்குப் பக்கத்து ஊர். அந்த ஊரை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். வீட்டுக்கு வீடு ஒரு பட்டாளத்து ஆள்.

அடுத்த தடவை வேலூர் லாங் பஜார் போனால் மணிக்கூண்டைக் கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கள். முதல் உலகப் போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், அதில் 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று கல்வெட்டு இருக்கிறது. யார் யார் என்று பெயர் கிடையாது, எண்ணிக்கை மட்டும்தான். தினமும் ஆயிரம் பேர் அதன் கீழே பூவும் காயும் வாங்கிக்கொண்டு போகிறார்கள். அதனால்தான் சொல்கிறேன், எந்தப் படம் வைத்தாலும் சரி, பெயரையும் வருடத்தையும் ரெஜிமென்ட்டையும் தெளிவாக எழுதி வையுங்கள். பிள்ளைகள் கேட்டால் சொல்ல ஏதாவது வேண்டும்.

ஓய்வுபெற்ற தம்பி
நவம்பர் 4, காலை 6:05

மகளே, உன் பதிவைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. நானும் மெட்ராஸ் சாப்பர்ஸ்தான், உன் தாத்தாவுக்கு ஒரு தலைமுறை பின்னால் வந்தவன். எங்களைப் பட்டாளம் முழுக்க "தம்பி" என்றுதான் கூப்பிடுவார்கள். வடக்கத்தி அதிகாரிகூட வாய் நிறைய தம்பி என்பார். 1780-ல் தொடங்கிய படை, பெங்களூரில் அல்சூர் ஏரிக்கரையில் சென்டர். உங்கள் சீருடைப் படத்தில் விறைப்பான, உயரமான தொப்பி இருந்தால் அது எங்கள் தொப்பி.

நட்சத்திரத்தில் "பஷ்சிமி ஸ்டார்" என்று இருக்கும், பார். 1971 பாகிஸ்தான் சண்டையில் மேற்கு எல்லைக் களத்தில் இருந்தவர்களுக்குக் கொடுத்தது. கிழக்கே, வங்காளப் பக்கம் இருந்தவர்களுக்கு பூர்வி ஸ்டார். வட்டமானது சங்கிராம் மெடலாக இருக்கும். விளிம்பில் வெட்டியிருப்பது அவருடைய நம்பரும் பெயரும். பூதக்கண்ணாடி வைத்துப் படித்துப் பாருங்கள். டூத்பேஸ்ட், புளி எதுவும் போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து தேய்ந்துவிடும். மெல்லிய துணியால் துடைத்தால் போதும்.

இப்போது 9 இன்ஜினியர் ரெஜிமென்ட். 1971 டிசம்பரில் அந்த ரெஜிமென்ட் இருந்த இடம் ஷகர்கர் பகுதி, ஜம்முவுக்குத் தெற்கே, ராவிக்கும் செனாபுக்கும் நடுவில். அங்கே பசந்தர் என்று ஓர் ஆறு. அதற்கு முன்னாலும் பின்னாலும் பாகிஸ்தான்காரர்கள் கண்ணிவெடியை வயல் மாதிரி விதைத்து வைத்திருந்தார்கள். டாங்கிக்கு வைக்கும் வெடி மனிதன் மிதித்தால் வெடிக்காது, அதிக பாரம் வேண்டும். அதனால் அதைத் தோண்டி எடுக்க வருகிறவனுக்கென்று இடையிடையே சின்ன வெடியும் கலந்து வைத்திருப்பார்கள். அந்தச் சின்ன வெடி எங்களுக்கானது.

டிசம்பர் 15 ராத்திரி காலாட்படை ஆற்றைக் கடந்தது. 16 மதராஸ் பட்டாலியன் சராஜ் சக் என்ற இடத்தைப் பிடித்தது, நம் ஆட்கள் நிறைந்த பட்டாலியன். அதன் கமாண்டர் லெப்டினன்ட் கர்னல் வேத் பிரகாஷ் கய் அங்கே உயிர் விட்டார். அவருக்கு மகாவீர் சக்ரா, போர்க்கள வீரத்துக்கான இரண்டாவது பெரிய விருது. பக்கத்தில் ஜர்பாலைப் பிடித்தது 3 கிரெனேடியர்ஸ், அதில் மேஜர் ஹோஷியார் சிங்குக்கு எல்லாவற்றுக்கும் மேலான பரம்வீர் சக்ரா. ஆனால் டாங்கி பின்னால் வராவிட்டால் பிடித்த இடம் நிற்காது. டாங்கி வர வேண்டுமென்றால் வெடிகளுக்கு நடுவே பாதை வேண்டும். பாதை போடுவது சாப்பர். குண்டு விழுந்துகொண்டே இருக்கும், தலையைத் தூக்க முடியாது, பனிக்காலம், கை மரத்துப்போயிருக்கும். பாதை பாதி முடிந்த நிலையில் எதிரி டாங்கி வருகிறது என்று செய்தி வந்ததும், பூனா ஹார்ஸ் என்ற டாங்கிப் படையினர் மீதிப் பாதைக்காகக் காத்திருக்காமல் வெடிவயலுக்குள்ளேயே இறங்கிப் போனார்கள். மறுநாள் அந்தச் சண்டையில்தான் அந்தப் படையின் 21 வயது அருண் கேத்தர்பால் வீர மரணம் அடைந்தார். அந்தப் பெயர் எல்லோருக்கும் தெரியும். அதே நாட்களில் சக்ரா என்ற ஊரிலிருந்து பசந்தர் ஆறு வரை பாதை போட்டு அங்கேயே உயிர் கொடுத்த எங்கள் மேஜர் விஜய் ரத்தன் சௌத்ரி 9 இன்ஜினியர்ஸ்காரர். அவருக்கும் மகாவீர் சக்ரா. அந்தப் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

கம்பி விஷயத்துக்கு வருகிறேன். அதைப் படித்ததும் எனக்கு மூச்சு நின்றுவிட்டது. கண்ணிவெடியைக் கம்பியால் தேடும்போது நேராகக் குத்தக் கூடாது. நேராகக் குத்தினால் கம்பி வெடியின் தலையில் அழுத்தும், அதோடு முடிந்தது. வயிற்றில் படுத்துக்கொண்டு, சாய்வாக, மெதுவாகக் குத்தினால் வெடியின் பக்கவாட்டில் தட்டும். தட்டினால் நிறுத்திவிட்டு, கையால் மண்ணை விலக்க வேண்டும். எங்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்பது இது. உன் தாத்தா 41 வருடம் பனங்கிழங்கை அப்படித்தான் எடுத்திருக்கிறார்.

வெள்ளைத் துணியும் அதுதான். வெடி எடுத்த பாதையின் இரண்டு பக்கமும் வெள்ளை நாடா கட்டிக்கொண்டே போவோம். நாடாவுக்குள் கால் வைத்தால் உயிரோடு அந்தப் பக்கம் போகலாம்.

எந்தப் படம் என்று கேட்டால், சீருடைதான். தயங்காதே.

மழைக்காலப் பறவை
நவம்பர் 4, மதியம் 1:20

மேலே தம்பி ஐயா எழுதியதைப் படித்துக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் நான் ஆயா பக்கம்.

என் அப்பா மதராஸ் ரெஜிமென்ட், வெலிங்டனில் பயிற்சி. ஊர் தேனி மாவட்டம். "குடும்பத் தலைவர்" என்று நாம் எழுதுகிறோம், சரி, அந்தக் குடும்பத்தை நடத்தியது யார் என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் ஆயாவுக்குக் கல்யாணம் எந்த வருடம் என்று தெரியவில்லை, என் அம்மாவுக்கு 1970. அப்பா ஓய்வு பெற்றது 1986. வருடத்துக்கு இரண்டு மாசம் லீவு, இடையில் சின்ன லீவு, எல்லாம் சேர்த்துக் கூட்டினாலும் அந்த 16 வருடத்தில் அவர்கள் ஒரே வீட்டில் இருந்தது நான்கு வருடம் தேறாது. லீவிலும் பாதி ரயிலில் போய்விடும். ஜம்மு வரை ரயில் வந்ததே 1972-ல்தான். அதற்கு முன்னால் பதான்கோட் வரை லாரி, அங்கிருந்து டெல்லி, அங்கிருந்து சென்னைக்கு ஜி.டி. எக்ஸ்பிரஸ்.

அம்மா ஏர் பிடித்தார். மாமனாருக்குக் கை கால் விழுந்தபோது தூக்கிப் படுக்க வைத்துப் பார்த்துக்கொண்டார். மாதம் ஒரு மணியார்டர் வரும், தபால்காரர் ஊருக்கே கேட்கிற மாதிரி தொகையைப் படிப்பார். கடன்காரர்கள் அன்று சாயங்காலமே வந்துவிடுவார்கள். எனக்கு அம்மை போட்டபோதும், தம்பி கிணற்றில் விழுந்தபோதும் அப்பா இல்லை. லெட்டர் போய்ச் சேர்ந்து பதில் வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

சீருடைப் படத்தைப் பார்த்தால் ஊருக்குப் பெருமை வருகிறது. வீட்டுப் பெண்ணுக்கு அது காத்திருந்த வருடங்களின் படம். "அந்த ஆளை எனக்குத் தெரியாது" என்று உங்கள் ஆயா சொன்னதில் ஒரு வார்த்தைகூட மிகை இல்லை. மாட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்தான் அவருக்குக் கிடைத்த புருஷன்.

பாலாற்றுப் பேத்தி
நவம்பர் 5, இரவு 8:50

தம்பி தாத்தா (அப்படிக் கூப்பிடலாம் இல்லையா?), நீங்கள் எழுதியதை ஆயாவுக்கும் அம்மாவுக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். கம்பி விஷயம் வந்ததும் அம்மா எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். பதக்கத்தின் விளிம்பைக் கண்ணாடி வைத்துப் படித்தோம். பெட்டி மூடியில் இருக்கும் அதே நம்பர்.

ஆயா ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு ஒரு விஷயம் சொன்னார். கல்யாணம் 1969-ல். 1971 டிசம்பரில் அம்மா கைக்குழந்தை. பஞ்சாயத்து ரேடியோவில் மாநிலச் செய்தி கேட்க ஊரே கூடுமாம். ஆயா போக மாட்டாராம், போனால் எல்லோரும் முகத்தையே பார்ப்பார்கள் என்று. சண்டை 17-ஆம் தேதி நின்றுவிட்டது என்று தெரிந்தும் லெட்டர் வரவில்லை. பொங்கல் கழித்துத்தான் 56 ஏ.பி.ஓ. என்ற ராணுவத் தபால் முத்திரையோடு ஓர் இன்லேண்ட் லெட்டர் வந்திருக்கிறது. அந்த லெட்டர் இப்போது இல்லை, கறையான் அரித்துவிட்டது. ஆனால் ஆயாவுக்கு மனப்பாடம். "நான் நலம். ராத்திரியில் வேலை இருந்தது, இப்போது இல்லை. இங்கே ஆற்று மணல் நம்ம பாலாறு மாதிரியே இருக்கிறது. குழந்தைக்குப் பல் முளைத்ததா?"

அது எந்த ஆறு என்று இவ்வளவு வருடமாக ஆயாவுக்குத் தெரியாது. நேற்றுதான் கேட்டார், "அதுக்குப் பேரு இன்னான்னு சொன்ன?" பசந்தர் என்று சொன்னேன். இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

படம் விஷயத்தில் இறங்கி வரவில்லை.

பென்ஷன் உதவிக்கரம்
நவம்பர் 5, இரவு 10:30

துக்க வீட்டில் இதைப் பேசுவதற்கு மன்னிக்கவும். தள்ளிப்போட்டால் ஆயாவுக்குத்தான் சிரமம் என்பதால் எழுதுகிறேன்.

இறப்புச் சான்றிதழ் வந்ததும் ஸ்பார்ஷ் என்ற ராணுவ பென்ஷன் இணையதளத்தில் மரணத்தைப் பதிவு செய்யுங்கள், வங்கிக்கும் எழுதிக் கொடுங்கள். இறந்த தேதிக்குப் பிறகு பென்ஷன் ஏறியிருந்தால் ஏ.டி.எம். கார்டில் எடுத்துவிடாதீர்கள், பிறகு பிடித்துவிடுவார்கள். குடும்ப பென்ஷன் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதக் கணக்கு. 50 சதவீதம் என்று யாராவது சொன்னால், அது ஓய்வுக்குப் பின் இறந்தவருக்கு 67 வயது ஆகும் வரையோ 7 வருடம் வரையோதான், எது முன்னால் வருகிறதோ அதுவரை. உங்கள் தாத்தாவுக்கு அந்த வயது எப்போதோ தாண்டிவிட்டது. ஆயாவுக்கு 80 வயதானால் 20 சதவீதம் கூடும், 85-ல் 30, அப்படியே போகும். அதனால் அவருடைய பிறந்த தேதி ஆவணத்தில் சரியாக இருக்க வேண்டும்.

முக்கியமாகப் பார்க்க வேண்டியது பெயர். நம் ஊரில் பெண்களுக்கு ரேஷன் கார்டில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், பட்டாளத்து ரெக்கார்டில் ஒரு பெயர் இருக்கும். கடைசியில் "அம்மாள்" இருக்கிறதா இல்லையா என்பதற்காக ஆறு மாதம் அலைந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். டிஸ்சார்ஜ் புக்கில் ஆயா பெயர் எப்படி இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் வழி சொல்வார்கள், அதற்குக் காசு கிடையாது. ஆயாவின் இ.சி.எச்.எஸ். மருத்துவ அட்டையும் தொடரும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

களத்துமேடு
நவம்பர் 6, காலை 7:45

எனக்கு 20 வயது, அக்னிவீர் தேர்வுக்கு ஓடிக்கொண்டிருக்கிறேன். ஒரு சந்தேகம். படத்துக்கு மேலே தேசியக் கொடி போர்த்தலாமா? எங்கள் ஊரில் ஒருவருக்கு அப்படிச் செய்தார்கள்.

ஓய்வுபெற்ற தம்பி
நவம்பர் 6, காலை 8:10

வேண்டாம் தம்பி. அரசு மரியாதையோடோ ராணுவ, துணை ராணுவ மரியாதையோடோ நடக்கும் இறுதிச் சடங்கில் மட்டும்தான் கொடியைப் போர்த்தலாம், சட்டம் அப்படி. அன்பினால் செய்தாலும் தவறு தவறுதான். பதக்கங்களை ஒரு தட்டில் துணி விரித்து, படத்துக்கு முன்னால் வையுங்கள். குடும்பத்தில் யாராவது குத்திக்கொள்ள விரும்பினால் வலது மார்பில். இடது மார்பு அதை வாங்கியவருக்கு.

ஓட்டத்தை விடாதே. முழங்காலைப் பார்த்துக்கொள்.

ஓசூர் மாமா
நவம்பர் 8, இரவு 11:55

நான்தான் அந்த மாமா. மருமகள் இந்த இழையை அனுப்பினாள். எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

எல்லோரும் நான் ஊரில் பெருமை காட்டத்தான் பேனர் கேட்கிறேன் என்று நினைக்கிறீர்கள். அம்மாவும் அப்படித்தான் நினைக்கிறார். நான் பிறந்தது 1973-ல். அப்பா வேலையை விட்டு வந்தபோது எனக்கு 11 வயது. அதுவரை எனக்கு அப்பா என்றால் அந்தப் படம்தான். நடு அறையில், ஆணியில், கொஞ்சம் சாய்ந்தே தொங்கும். பெங்களூரு ஸ்டுடியோவில் பயிற்சி முடிந்து எடுத்தது. அவருக்கு அப்போது 20 வயதுகூட இருக்காது. பரீட்சைக்குப் போகும் முன் அம்மா என்னை அதன் முன்னால் நிற்க வைத்துத் திருநீறு பூசுவார். பள்ளிக்கூடத்தில் யாராவது அடித்தால் வீட்டுக்கு வந்து அந்தப் படத்திடம்தான் சொல்வேன். லீவில் வருகிறவர் ஒரு விருந்தாளி. பிஸ்கட், ஆப்பிள், கம்பளி எல்லாம் கொண்டுவருவார், நான் பழகுவதற்குள் பெட்டியைக் கட்டிவிடுவார்.

1984-ல் நிரந்தரமாக வந்த அன்று நான் நெல் குதிருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவர் என்னைத் தேடவில்லை, கூப்பிடவும் இல்லை. திண்ணையில் கிடந்த என் புத்தகப் பையை எடுத்தார். வார் அறுந்துபோய் முடிச்சுப் போட்டு வைத்திருந்தேன். பெட்டியைத் திறந்து ஒரு சின்னக் காக்கிப் பையை எடுத்தார், உள்ளே ஊசி, தடித்த நூல், பட்டன் எல்லாம் இருந்தது. முடிச்சைப் பொறுமையாக அவிழ்த்தார். நூலில் மெழுகு தேய்த்தார். ஒவ்வொரு தையலையும் இரண்டு தடவை இழுத்து இறுக்கினார். நான் குதிருக்குப் பின்னாலிருந்து முழுவதையும் பார்த்தேன். தைத்து முடித்து, பையை மூன்று நான்கு தடவை ஓங்கி உதறிப் பார்த்துவிட்டு, எனக்குக் கை எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு மாட்டுத் தொழுவத்துக்குப் போய்விட்டார். அந்த வார் நான் பத்தாவது முடிக்கும் வரை அறுந்துபோகவில்லை.

அம்மாவுக்குக் கிடைத்த ஆள் மாட்டுக்காரர். சரி. எனக்கு அந்த 11 வருடம் அப்பா இல்லை என்று சொல்லிவிட வேண்டாம். இருந்தார், சுவரில் இருந்தார். அதனால்தான் கேட்டேன். பேனர் வேண்டாம் என்றால் வேண்டாம்.

மழைக்காலப் பறவை
நவம்பர் 9, காலை 6:30

அண்ணா, முன்னால் எழுதியதில் உங்களை மனதில் வைத்து எதுவும் சொல்லவில்லை, ஆனாலும் மன்னித்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டிலும் ஒரு படம் அப்படித் தொங்கியது. நான் அதைப் பார்த்து சண்டை போடுவேன். நீங்கள் பேசியிருக்கிறீர்கள். என் தம்பியும் பேசியிருப்பான் போலிருக்கிறது, இத்தனை வருடத்தில் நான் கேட்டதே இல்லை. இன்றைக்கு போன் போடப் போகிறேன்.

பாலாற்றுப் பேத்தி
நவம்பர் 13, மாலை 6:15

காரியம் நல்லபடி முடிந்தது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

11-ஆம் தேதி ராத்திரி சமையல் சாமான் எல்லாம் இறக்கி முடித்ததும், மாமா எழுதியதை ஆயாவுக்குப் படித்துக் காட்டினேன். மாமா வாசலில் பந்தல்காரர்களோடு இருந்தார், அவருக்குத் தெரியாது. குதிர் வந்த இடத்தில் ஆயா, "அங்கதான் இருந்தியாடா" என்றார், மாமா எதிரில் நிற்கிற மாதிரி. அப்புறம் ஒன்றும் பேசவில்லை.

12-ஆம் தேதி காலையில் எழுந்து பார்த்தால் நடு அறையில் மணை போட்டு, அதன் மேல் சீருடைப் படம் இருந்தது. கண்ணாடியில் தூசி கொஞ்சமும் இல்லை, ஆயாவின் முந்தானை ஈரமாக இருந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார், "அவன் அப்பனை அவன் வெச்சிக்கட்டும். என் ஆளு என்கிட்ட கீறாரு."

மாடு பிடித்த படத்தை அவர் படுக்கிற இடத்துக்கு மேலே மாட்டச் சொல்லிவிட்டார். மாட்டியது மாமாதான். ஆணி அடிக்கும்போது கை நடுங்கியது, இரண்டு தடவை சுவர் பெயர்ந்துவிட்டது.

பேனர் வைக்கவில்லை. ஓர் அட்டையில் பெயர், 1963 முதல் 1984 வரை, 9 இன்ஜினியர் ரெஜிமென்ட், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்று எழுதி, பதக்கத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தோம். பக்கத்து ஊர்களிலிருந்து பழைய பட்டாளத்துக்காரர்கள் 14 பேர் வந்தார்கள். யார் சொல்லி வந்தார்கள் என்று தெரியவில்லை. அவர்களில் வயதான ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு, விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். முதுகு நிமிரவில்லை, கை மட்டும் சரியாக நின்றது.

ஓடைக்குக் குறுக்கே இருக்கும் பனைமரப் பாலத்தைப் பற்றி ஊர்ப் பெரியவர் ஒருவர் பேசினார். ஓய்வு பெற்று வந்த மூன்றாம் வருடமோ என்னவோ, மழையில் ஓடை நிறைந்து பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக முடியாமல் நின்றதாம். தாத்தா ஆறு ஆறு பேராக நிற்க வைத்து, ஒரே குரலில் எண்ணிக்கை சொல்லி, மரத்தைத் தூக்கி வைத்து, இரண்டே நாளில் பாலம் போட்டுவிட்டாராம். ஏன் ஆறு பேர் என்று அவருக்குத் தெரியவில்லை.

பென்ஷன் ஐயாவுக்கு நன்றி. நீங்கள் சொன்னதுபோலவே ஆயா பெயரில் ஓர் எழுத்து வித்தியாசம் இருந்தது. மனு கொடுத்துவிட்டோம்.

ஓய்வுபெற்ற தம்பி
நவம்பர் 13, இரவு 7:40

பெய்லி பாலம், மகளே, இரும்புப் பேனல்களைக் கோத்துப் பட்டாளம் அவசரத்துக்குப் போடும் பாலம். அதன் ஒரு பேனல் பத்தடி நீளம், ஐந்தடி உயரம், 260 கிலோ எடை. ஆறு பேர்தான் தூக்குவோம், பக்கத்துக்கு மூன்று பேர். எண்ணிக்கைக்கு ஒரே நேரத்தில் தூக்காவிட்டால் ஒருவன் இடுப்பு போய்விடும். உன் தாத்தா அந்தப் பாலத்தைப் பனைமரத்தில் கட்டியிருக்கிறார். இப்போதும் நிற்கிறதா?

பாலாற்றுப் பேத்தி
நவம்பர் 13, இரவு 8:05

மரத்தை இரண்டு தடவை மாற்றியிருக்கிறார்கள். பாலம் நிற்கிறது.

பாலாற்றுப் பேத்தி
ஜனவரி 18, காலை 10:20

இந்த வருடம் எங்களுக்குப் பொங்கல் இல்லை. ஆனால் தாத்தா ஆவணியில் போட்ட பனம்பாத்தி அப்படியே இருந்தது. எடுக்காமல் விட்டால் முற்றி நார் ஓடிவிடும் என்று ஆயா நேற்று எல்லோரையும் கொல்லைக்குக் கூட்டிப்போனார். ஒரு வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டார்.

மாமா மகன் கடப்பாரையை எடுத்து நேராக இறக்கினான். முதல் கிழங்கே இரண்டாக உடைந்தது. ஆயா அதட்டினார், "சாய்ச்சுக் குத்துடா. அவசரப்படாத." எரவாணத்தில் செருகியிருந்த தாத்தாவின் கம்பியை மாமா எடுத்துக்கொடுத்தார். அப்புறம் அவன் வயிற்றில் படுத்துக்கொண்டு குத்த ஆரம்பித்தான். யாரும் சிரிக்கவில்லை. தட்டுப்பட்டால் "இருக்கு" என்பான், நாங்கள் கையால் மண்ணை விலக்குவோம். மத்தியானத்துக்குள் 87 கிழங்கு, உடைந்தது அந்த முதல் ஒன்றுதான்.

சாயங்காலம் ஆயா குடத்தோடு கிணற்றுக்குப் போனார். மார்கழி மழையில் வரப்பில் இருந்த வெள்ளைத் துணியெல்லாம் நைந்து விழுந்திருந்தது, போன வாரம்தான் பார்த்தேன். நேற்று இரண்டு பக்கமும் புதிதாகக் கட்டியிருந்தது. கிட்டே போய்ப் பார்த்தேன். தாத்தாவின் பழைய வேட்டி, கரையோடு கிழித்தது. மாமா இன்று காலை ஐந்து மணி பஸ்ஸில் ஓசூர் போய்விட்டார்.